முழங்கால் வலிக்கு மெல்லிய ஷூ மருந்தாகுமா?

கேள்வி: எனக்கு 37 வயது. புதுச்சேரி லாஸ்பேட்டையில் இருக்கிறேன். வார நாட்களில் வீட்டுப் பக்கத்திலும், ஞாயிற்றுக்கிழமைகளில் ஆரோவில் செம்மண் பாதைகளிலும் ஓடுகிறேன். வரும் பிப்ரவரியில் ஆரோவில் மாரத்தானில் அரை மாரத்தான் ஓட ஆசை. ஆனால் இறக்கத்தில் முழங்காலின் முன்பக்கம் வலிக்கிறது. 'உன் தடிமனான ஷூதான் காரணம், மெல்லிய மினிமலிஸ்ட் ஷூவுக்கு மாறு. எத்தியோப்பிய மாரத்தான் வீரர் அபேபே பிகிலா வெறுங்காலோடு ஓடியே ஒலிம்பிக் தங்கம் வாங்கினார்' என்கிறாள் தோழி. அவளுடைய ஷூவைப் போட்டு 5 கிலோமீட்டர் ஓடிப் பார்த்தேன். ஓடும்போது சுகமாக இருந்தது. மறுநாள் கெண்டைக்கால் வலியில் மாடிப்படி இறங்க முடியவில்லை. வாங்கலாமா, டாக்டர்?

பதில்: வாங்கலாம். ஆனால் பிப்ரவரி ஓட்டம் முடியும்வரை வேண்டாம். இடையில் நான்கு மாதம்கூட இல்லை. அதற்குள் பாதத்தையும் கெண்டைக்காலையும் புதிய ஷூவுக்குப் பழக்கி, 21 கிலோமீட்டருக்கும் தயார் செய்வது நடக்காத காரியம்.

மறுநாள் வந்த கெண்டைக்கால் வலியைக் கொஞ்சம் கவனியுங்கள். வழக்கமான ஓட்ட ஷூவில் குதிகால், முன்பாதத்தைவிட 10 மில்லிமீட்டர் வரை உயர்ந்திருக்கும். மினிமலிஸ்ட் ஷூவில் இந்த வித்தியாசம் 4 மில்லிமீட்டருக்குள் இருக்கும், சிலவற்றில் சுத்தமாக இருக்காது. குதிகால் தாழ்ந்து மெத்தையும் குறைந்தால் பலரும் தாமாகவே காலடியைச் சுருக்கி, பாதத்தின் முன்பகுதியில் இறங்குவார்கள். முழங்கால் சில்லின் மீது விழும் பாரம் அப்போது குறையும். உங்களுக்குச் சுகமாகத் தெரிந்தது அதனால்தான். ஆனால் அந்தப் பாரம் எங்கும் போய்விடவில்லை. கெண்டைக்கால், குதிகாலுக்கு மேலே இருக்கும் தடித்த தசைநார், பாதத்தின் நீள எலும்புகள் ஆகியவற்றின் தலையில் ஏறிவிட்டது.

பிகிலா 1960-இல் ரோமில் வெறுங்காலில் ஜெயித்தது உண்மைதான். 1964-இல் டோக்கியோவில் ஷூ போட்டு ஓடினார், அங்கும் தங்கம்தான். நானும் வெறுங்காலுக்கு எதிரியில்லை. 1992-இல் வெளியான ஓர் இந்திய ஆய்வில் மருத்துவர்கள் 2,300 குழந்தைகளின் பாதத் தடங்களைப் பரிசோதித்தார்கள். காலணி போட்டு வளர்ந்தவர்களில் 8.6 சதவீதம் பேருக்குத் தட்டைப் பாதம், வெறுங்காலில் வளர்ந்தவர்களில் 2.8 சதவீதம் பேருக்குத்தான். குழந்தைகளை மண்ணில் வெறுங்காலோடு விளையாட விடச் சொல்வது இதனால்தான். ஆனால் சின்ன வயதில் செருப்பில்லாமல் திரிந்த பாதம் 37 வயதிலும் அப்படியே இருக்கும் என்று நம்பி 5 கிலோமீட்டர் ஓடக் கூடாது. வீட்டுக்குள் வெறுங்காலில் நடப்பது நல்லதுதான். ஆனால் ஓடும்போது ஒவ்வொரு அடியிலும் உடல் எடையைப்போல் இரண்டு மூன்று மடங்கு பாரம் இறங்குகிறது, அது வேறு கணக்கு.

2013-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், 19 ஓட்டக்காரர்களை விரல் விரலாகப் பிரிந்த மெல்லிய ஷூவுக்கு 10 வாரங்களில் மெல்ல மெல்ல மாற்றினார்கள். அவர்களில் 10 பேருக்கு, பாத எலும்புக்குள் நீர் கோத்திருப்பது எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் தெரிந்தது. எலும்பு தன் சக்திக்கு மீறி வேலை செய்கிறது என்பதற்கான அடையாளம் அது. இவ்வகை ஷூ காயங்களைக் குறைக்கும் என்று விளம்பரம் செய்த வைப்ரம் நிறுவனம், அதன் மீதான வழக்கில் தவறை ஒப்புக்கொள்ளாமலே, 2014-இல் 37.5 லட்சம் டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது. அதனால் இந்த ஷூவை மருந்தாக நினைக்க வேண்டாம். பாதத்தைப் பழக்க உதவும் ஒரு கருவி, அவ்வளவுதான்.

சரி, இப்போதைய முழங்கால் வலிக்கு என்ன செய்வது? பைசா செலவில்லாத வழி ஒன்று இருக்கிறது, அதைத்தான் நான் முதலில் சொல்வேன். வழக்கமான வேகத்தில் ஓடும்போது, வலது கால் தரையைத் தொடுவதை 30 விநாடி எண்ணுங்கள். 40 வந்தால் நிமிடத்துக்கு 160 அடிகள். வேகத்தைக் கூட்டாமல் அதை 42 ஆக்குங்கள், அதாவது நிமிடத்துக்கு 168. ஃபோனில் சீராகத் தாளம் தட்டும் மெட்ரோனோம் செயலியை வைத்து அந்தத் தாளத்துக்கு ஓடிப் பழகலாம். அடிகளின் எண்ணிக்கையை 5 முதல் 10 சதவீதம் கூட்டினாலே முழங்கால் மீதான பாரம் குறைவது ஆய்வுகளில் தெளிவாகத் தெரிகிறது. காலடி சிறிதாகும்போது பாதம் உடலுக்கு வெகு முன்னே போய் விழாமல், கிட்டத்தட்ட உடலுக்கு அடியிலேயே இறங்கும். உங்களுக்கு வலி வருவது இறக்கத்தில் என்பதால், அங்கே இன்னும் சின்னச் சின்ன அடியாக வையுங்கள். எட்டி வைத்துக் குதிகாலால் பிரேக் போடாதீர்கள். தொடை, இடுப்புத் தசைகளுக்கான பயிற்சியையும் வாரம் இரண்டு நாள் செய்யுங்கள்.

பிப்ரவரிக்குப் பிறகு ஷூ வாங்கப் போகும்போது, எடையை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். ஒரு ஷூ 200 முதல் 250 கிராம் இருந்தாலே நல்ல இலகுதான். நம் ஊர்ப் பாதைக்கு அதைவிட முக்கியமானது அடிப்பாகம். செம்மண்ணில் புதைந்திருக்கும் சரளைக் கல் மெல்லிய சோல் வழியாக நேராகக் குத்தும். வேலிக்காத்தான் முள் அதைவிட மோசம். இளகிய சோலைத் துளைத்து உள்ளங்காலில் ஏறி, உள்ளேயே ஒடிந்து நின்றுவிடும். மேலே சின்னப் புள்ளிதான் தெரியும், சில வாரம் கழித்துச் சீழ் வைக்கும். அதனால் முன்பாதத்துக்கு அடியில் பாதுகாப்புத் தகடு உள்ள, மண் பாதையில் ஓடுவதற்கான ட்ரெயில் ஷூவாகவே கேளுங்கள். அடியில் உள்ள பற்கள் 4 மில்லிமீட்டர் அளவில், இடைவெளி விட்டு இருக்கட்டும். நெருக்கமான பற்களில் மழைக்காலச் செம்மண் அப்பிக்கொண்டால் வழுக்கும்.

கடைக்கு மாலையில் போங்கள், பாதம் சற்று வீங்கியிருக்கும் நேரம் அது. ஓடும்போது போடும் காலுறையோடு எழுந்து நின்று பார்க்கும்போது, நீண்ட விரலுக்கு முன்னால் கட்டை விரல் அகலம் இடம் இருக்க வேண்டும். உள்ளே விரல்களைத் தாராளமாக விரிக்க முடிய வேண்டும். உள்ளிருக்கும் மெத்தைத் தகட்டை உருவித் தரையில் போட்டு, அதன்மேல் பாதத்தை வையுங்கள். விரல்கள் ஓரத்தைத் தாண்டி வழிந்தால் அந்த ஷூ வேண்டாம். குதிகால் வித்தியாசம் சுத்தமாக இல்லாத ஷூவை எடுத்த எடுப்பில் வாங்காமல், 4 முதல் 6 மில்லிமீட்டர் உள்ளதில் தொடங்குங்கள்.

வாங்கிய பிறகு முதல் இரண்டு வாரம் நடக்க மட்டும் போடுங்கள். அப்புறம் வாரம் இரண்டு முறை, ஒரு கிலோமீட்டர் ஓடினால் போதும். மீதி தூரத்துக்குப் பழைய ஷூவே இருக்கட்டும். ஓடத் தொடங்கும் முன் சுவரை லேசாகப் பிடித்து, ஒற்றைக் காலில் குதிகாலை உயர்த்தி இறக்குங்கள். இரண்டு காலிலும் தடுமாறாமல் 20 முறை வராவிட்டால், கெண்டைக்கால் இன்னும் தயாராகவில்லை. முழுதாக மாற நான்கு முதல் ஆறு மாதம் ஆனாலும் பரவாயில்லை.

சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்களுக்கு இந்த ஷூ கூடவே கூடாது. காலையில் எழுந்து முதல் அடி வைக்கும்போது குதிகால் சுரீரென்று வலிப்பவர்கள், அது ஆறிய பிறகுதான் யோசிக்க வேண்டும். முள் குத்தினால் கடைசியாக டெட்டனஸ் ஊசி எப்போது போட்டீர்கள் என்று பாருங்கள். ஐந்து வருடம் தாண்டியிருந்தால் ஒன்று போட்டுவிடுவது நல்லது.

தசை வலி பரவலாக இருக்கும், இரண்டு மூன்று நாளில் அடங்கும். ஆனால் பாதத்தின் மேல்பக்கம், இரண்டாவது மூன்றாவது விரல்களுக்குப் பின்னால் ஒரே இடத்தில் விரலால் அழுத்தும்போது சுள்ளென்று வலித்தால் அன்றே ஓட்டத்தை நிறுத்துங்கள். எலும்பில் மயிரிழை விரிசலாக இருக்கலாம். முதல் இரண்டு மூன்று வாரம் எக்ஸ்ரேயில் அது தெரியாமல் போகலாம் என்பதால், எக்ஸ்ரே சரியாக இருக்கிறது என்று மறுபடி ஓடக் கிளம்பாதீர்கள். எலும்பு மருத்துவரைப் பாருங்கள். மாதவிடாய் தள்ளிப்போவதோ தவறுவதோ இருந்தால் அதையும் மறக்காமல் சொல்லுங்கள். வைட்டமின் டி அளவோடு அதையும் சேர்த்துப் பார்த்துத்தான் சிகிச்சையை முடிவு செய்வார்கள்.