விலைக்கு வாங்கிய பதிவு வேண்டாம்

கேள்வி: நான் கொழும்பு, கொட்டாஞ்சேனையில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆரம்பப் பிரிவு ஆசிரியை. நானும் ஆறு நண்பர்களும் நான்கு ஆண்டுகளாகச் சனிக்கிழமைகளில் தரம் 1 முதல் 5 வரையிலான பிள்ளைகளுக்கு இலவசமாக வாசிப்பும் கணிதமும் சொல்லிக்கொடுத்து வருகிறோம். கனடாவில் இருக்கும் என் பழைய மாணவர்கள் அனுப்பும் பணம் என் சொந்த வங்கிக் கணக்குக்கே வருகிறது. இதை ஓர் அமைப்பாக்கி, நானே தலைவராக இருக்க வேண்டும் என்று மற்றவர்கள் கேட்கிறார்கள். முன்பே பதிவு செய்யப்பட்டு இயங்காமல் கிடக்கும் ஓர் அமைப்பை 150,000 ரூபாய்க்கு எங்களுக்கு மாற்றித் தருவதாக ஒருவர் சொல்கிறார். முற்பணமாக 20,000 ரூபாயும் நால்வரின் அடையாள அட்டைப் பிரதிகளும் அவரிடம் கொடுத்துவிட்டோம். மட்டக்குளியில் உள்ள ஒரு சிறு வீட்டை வகுப்புகளுக்குத் தருவதாக என் உறவினர் ஒருவரும் வாக்களித்திருக்கிறார். அந்தப் பதிவை வாங்கலாமா? என் கணக்குக்கு வந்த பணத்தால் எனக்குச் சிக்கல் வருமா?

பதில்: வாங்க வேண்டாம். முதற் கேள்விக்கு விடை அவ்வளவுதான்.

இரண்டாவது கேள்வியைப் பொறுத்தவரை, நீங்கள் தீய நோக்கத்துடன் எதுவும் செய்யவில்லை. பிறர் தந்த பணத்தைப் பிள்ளைகளுக்காகவே செலவிட்டிருக்கிறீர்கள். ஆயினும் அந்தக் கணக்கைப் பார்க்கும் எவருக்கும் தெரிவது உங்கள் பெயர் மட்டுமே. 2006ஆம் ஆண்டின் 6ஆம் இலக்க நிதிசார் கொடுக்கல் வாங்கல்கள் அறிக்கையிடல் சட்டத்தின் கீழ், பணம் எங்கிருந்து வருகிறது, எதற்காக வருகிறது என்று கேட்டறியும் கடமை வங்கிக்கு உண்டு. கேட்கும் நாளில் காட்டுவதற்கு உங்கள் கையில் எழுத்து இருக்க வேண்டும். ஆகவே இந்த வாரமே ஒரு கொப்பியை எடுத்து, நான்கு ஆண்டுகளில் யார், எப்போது, எவ்வளவு அனுப்பினார்கள், அது எதற்குச் செலவானது என்பதை வங்கிக் கூற்றை அருகில் வைத்துக்கொண்டு எழுதுங்கள். பற்றுச்சீட்டு இல்லாத செலவுக்கு, இல்லை என்றே எழுதி, அந்தச் செலவை அறிந்த மற்றொருவரின் கையொப்பத்தையும் வாங்கிக்கொள்ளுங்கள். இப்போது உட்கார்ந்து பழைய பற்றுச்சீட்டுகளைத் தயாரிப்பதைவிட இது ஆயிரம் மடங்கு நல்லது.

இனி அந்த 150,000 ரூபாய் மனிதரிடம் வருவோம். ஒரு பதிவு என்பது கை மாறும் பொருள் அன்று. ஓர் அமைப்பின் பதிவோடு அதன் யாப்பு (அமைப்பின் விதிகளை எழுதிய ஆவணம்), அதன் பழைய பதவியினர், சமர்ப்பிக்காமல் விட்ட ஆண்டறிக்கைகள், கணக்காய்வு செய்யப்படாத கணக்குகள் யாவும் ஒட்டியே இருக்கின்றன. பதவியினரின் பெயர்களை மட்டும் மாற்றி அதனுள் நீங்கள் நுழைந்தால், உங்களுக்கு முன் அதன் கணக்கில் யாருடைய பணம் வந்து போனதோ அதற்கும் நீங்களே விளக்கம் சொல்ல நேரும். எனக்குத் தெரிந்த ஒரு குழுவினர் இவ்வாறு ஒரு பழைய அமைப்பை வாங்கினார்கள். புதிய கணக்குத் திறக்கப் போன இடத்தில், அதே பெயரில் முன்னர் இருந்த கணக்கொன்றைப் பற்றி வங்கி கேட்டது; எவராலும் பதில் சொல்ல முடியவில்லை. எட்டு மாதங்கள் வகுப்பு நடக்கவில்லை, விற்றவரின் தொலைபேசியும் வேலை செய்யவில்லை. மோசடி பற்றிய குற்றச்சாட்டு எழுந்தால் இடைக்கால முகாமைத்துவச் சபை ஒன்றை நியமித்து அமைப்பின் நிர்வாகத்தையே எடுத்துக்கொள்ளும் அதிகாரம், 1980ஆம் ஆண்டின் தன்னார்வ சமூக சேவை நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்திய 1998ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கச் சட்டத்தால் அரசுக்குக் கிடைத்திருக்கிறது என்பதையும் நினைவில் வையுங்கள். பிறர் செய்த பிழைக்காக அந்த நிலைக்கு நீங்கள் ஏன் ஆளாக வேண்டும்?

இத்தகைய தரகர்கள் பெருகியதற்கு மக்களின் அவசரம் மட்டும் காரணம் அன்று. இத்தகைய அமைப்புகளின் பதிவைக் கவனிக்கும் அரசசார்பற்ற நிறுவனங்களுக்கான தேசிய செயலகம் சமூக சேவை, பாதுகாப்பு என்று அமைச்சு விட்டு அமைச்சு மாற்றப்பட்டு வந்திருக்கிறது. ஒவ்வொரு மாற்றத்துடனும் கேட்கப்படும் ஆவணங்களும் மாறுகின்றன. பிரதேச செயலகத்துக்குத் தமிழில் எழுதிய யாப்பை எடுத்துச் சென்றால், அதை வாசிக்கக்கூடிய உத்தியோகத்தர் அன்று விடுமுறையில் இருப்பார். தமிழில் எழுதிக் கொடுக்கவும் தமிழில் பதில் பெறவும் அரசியலமைப்பின் நான்காம் அத்தியாயம் தரும் உரிமை, கொழும்பின் நடுவிலேயே, ஒரு தட்டச்சு இயந்திரமும் ஓர் உத்தியோகத்தரும் இல்லாத குறையால் மாதக்கணக்கில் காத்துக் கிடக்கிறது. இது வெட்கக்கேடான நிலை. காத்திருந்து களைத்த மனிதரின் தோளில்தான் தரகர் கை வைக்கிறார். ஆனால் அவரால் அந்த வரிசையைக் குறைக்க முடியாது; நீங்கள் நிற்க வேண்டிய வரிசையில் வேறொருவரின் பெயரில் உங்களை நிறுத்துகிறார், அவ்வளவே.

உங்களுக்குப் பொருந்தும் வழி, 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கத் தன்னார்வ சமூக சேவை நிறுவனங்கள் சட்டத்தின் கீழ், உங்கள் பிரதேச செயலகத்தின் ஊடாகப் புதிதாகப் பதிவு செய்வதே. கொட்டாஞ்சேனையும் மட்டக்குளியும் கொழும்புப் பிரதேச செயலகப் பிரிவுக்குள் வருகின்றன. வெள்ளவத்தையிலும் வகுப்புத் தொடங்க நினைத்தால் அது திம்பிரிகஸ்யாயப் பிரிவு; அப்போது மாவட்ட மட்டத்தில் பதிவு பற்றிப் பேச வேண்டி வரும். முதல் ஆண்டில் அந்த ஆசை வேண்டாம். கிராம உத்தியோகத்தரின் சிபாரிசு, யாப்பு, பதவியினர் பட்டியல், முதற் கூட்டத்தின் அறிக்கை ஆகியவற்றை நீங்களே கொண்டுபோய்க் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான திகதி முத்திரையை உங்கள் பிரதியில் பதித்து வாங்குங்கள்.

2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் 34ஆம் பிரிவின் கீழ், உத்தரவாதத்தால் வரையறுக்கப்பட்ட கம்பனியாகவும் (உறுப்பினர் தாம் ஒப்புக்கொண்ட தொகைக்கு மட்டும் பொறுப்பேற்கும் கம்பனி) பதிவு செய்யலாம் என்று சிலர் சொல்வார்கள். அது நல்ல வடிவமே. ஆனால் ஆண்டுதோறும் கம்பனிப் பதிவாளருக்கு விவரத்திரட்டு, கம்பனிச் செயலாளர், கணக்காய்வாளர் என்று ஆகும் செலவு, ஏழு பேர் நடத்தும் சனிக்கிழமை வகுப்பின் புத்தகக் காசை விழுங்கிவிடும். சம்பளத்துக்கு ஆசிரியர்களை நியமிக்கும் காலம் வந்தால் அதைப் பற்றி யோசிக்கலாம்.

யாப்பின் நோக்கப் பிரிவை மிகுந்த கவனத்துடன் எழுதுங்கள். பெரும்பாலானோர் 'ஆரம்பக் கல்வியில் சிறப்பை வளர்த்தல்' என்று ஒரே வரியில் எழுதி முடித்துவிடுகிறார்கள். அந்த வரியைப் படிக்கும் உத்தியோகத்தர், இது தரம் 5 புலமைப்பரிசில் ரியூஷன் வகுப்பா என்றுதான் கேட்பார். அப்படிக் கேட்பதில் நியாயமும் உண்டு. மேலும் 1980ஆம் ஆண்டுச் சட்டம் வறியோர், நோயாளர், அநாதைகள், ஆதரவற்றோர் போன்றோருக்கான சேவையையே மையமாகக் கொண்டது. ஆகவே, குறைந்த வருமானக் குடும்பங்களைச் சேர்ந்த ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகள் தத்தமது தரத்துக்குரிய அத்தியாவசியக் கற்றல் தேர்ச்சிகளை அடைய இலவசமாக உதவுதல் என்ற பொருள்பட எழுதுங்கள். ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகளின் விரலைப் பிடித்து எழுதப் பழக்கிய உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை: மூன்று பிள்ளைகள் புலமைப்பரிசில் வெட்டுப்புள்ளியைத் தாண்டுவது சிறப்பு என்று சுவரொட்டி அடிக்கும் ஊரில், தரம் 3இல் இருந்தும் எழுத்துக் கூட்ட முடியாத பிள்ளை ஒரு பந்தியைத் தடையின்றி வாசிப்பதே சிறப்பு என்று எழுத்தில் வைப்பதற்குக் கிடைக்கும் ஒரே இடம் இந்த யாப்புத்தான். நன்கொடையாளர்கள் பின்னர் புலமைப்பரிசில் பெறுபேற்றைக் கேட்டு நெருக்கும்போது, தலைவர் என்ற முறையில் நீங்கள் பிடித்துக்கொள்ளும் கயிறும் அதுவே. பரீட்சைக்கு முந்திய நாட்களில் மேலதிக வகுப்புகளுக்குப் பரீட்சைத் திணைக்களம் விதிக்கும் தடையை, இலவச வகுப்பு என்றாலும் நீங்களும் மதித்து நடந்துகொள்ளுங்கள்.

பதிவு கிடைத்ததும் அமைப்பின் பெயரில் கணக்குத் திறந்து, காசோலைக்கு எப்போதும் இரு கையொப்பங்கள் என்று தீர்மானம் எழுதுங்கள். கையொப்பமிடும் இருவரும் ஒரே வீட்டைச் சேர்ந்தவர்களாக இருக்கக் கூடாது. வசதிக்காகக் காசோலைப் புத்தகத்தில் முன்கூட்டியே ஒருவர் கையெழுத்து வைத்துவிடும் வழக்கத்தை எக்காரணம் கொண்டும் அனுமதிக்காதீர்கள். நல்லவர்கள் நடத்திய எத்தனையோ சங்கங்கள் அந்த ஒரு வசதியால் உடைந்திருக்கின்றன. அதன் பின் கனடாவில் இருப்பவர்களுக்கு எழுதி, இனி உங்கள் சொந்தக் கணக்குக்கு ஒரு சதமும் அனுப்ப வேண்டாம் என்று சொல்லுங்கள். வரிச் சலுகை வாங்கித் தருகிறேன் என்று அடுத்த தரகர் வருவார். உங்கள் பிரதேச செயலகப் பதிவால் கனடாவில் உள்ளவருக்கு அங்கே வரிக் கழிவு கிடைக்காது. இங்குள்ளவருக்கும், அமைச்சரால் அங்கீகரிக்கப்பட்ட அறநிறுவனத்துக்குக் கொடுத்தால் மட்டுமே கழிவு கிடைக்கும். சனிக்கிழமை வகுப்பு ஒன்றுக்கு அந்த அங்கீகாரம் எளிதில் வருவதன்று. மாறாக, 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டம், அரசசார்பற்ற நிறுவனம் பெறும் நன்கொடைகளில் 3 வீதத்தை வருமானமாகக் கருதி அதன் மீது வரி விதிக்கிறது. முதல் ஆண்டுக் கணக்கை முடிக்கும்போதே ஒரு கணக்காளரிடம் இதைக் காட்டிவிடுங்கள்.

மட்டக்குளி வீட்டைப் பற்றிச் சற்று நீளமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் பணத்தால் பிரியாத நண்பர்களைக்கூட ஒரு வீடு பிரித்துவிடும். பிரதேச செயலகப் பதிவு உங்கள் அமைப்பைச் சட்டத்தின் பார்வையில் தனி ஆளாக ஆக்குவதில்லை. ஆகவே அமைப்பின் பெயரில் காணியோ வீடோ வைத்திருக்க முடியாது. உறவினர் வாயால் தந்த வாக்கும், சமாதான நீதவானின் முத்திரை குத்திய கடிதமும் உரிமை மாற்றத்துக்கு உதவா. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, அசையா ஆதனத்தின் கைமாற்றம் நொத்தாரிசு முன்னிலையிலும் இரண்டு சாட்சிகள் முன்னிலையிலும் எழுதப்பட்ட உறுதியால் (உரிமைப் பத்திரத்தால்) மட்டுமே செல்லும். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகைக்கும் அதே விதிதான். இந்த இடத்தில் எல்லோரும் சொல்லும் யோசனை, தற்போதைக்குத் தலைவரின் பெயரில் எழுதி வைப்போம் என்பது. தயவுசெய்து சம்மதிக்காதீர்கள். உங்கள் பெயரில் எழுதிய வீடு, உங்கள் காலத்துக்குப் பின் உங்கள் பிள்ளைகளின் முதுசம் ஆகிவிடும்; அவர்கள் எவ்வளவு நல்லவர்களாக இருந்தாலும், அது வகுப்பறை என்பதை உறுதி சொல்லாது.

உறவினர் உண்மையிலேயே வீட்டைக் கொடுத்துவிட விரும்பினால், 1917ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் ஓர் அற நம்பிக்கைப் பொறுப்பை, அதாவது பொது நன்மைக்காகப் பொறுப்பாளர்கள் சொத்தை வைத்திருக்கும் ஏற்பாட்டை, நொத்தாரிசு உறுதியால் ஏற்படுத்தலாம். கல்வியின் முன்னேற்றத்தை அந்தச் சட்டத்தின் 99ஆம் பிரிவு அற நோக்கங்களுள் ஒன்றாகவே சொல்கிறது. பொறுப்பாளர்கள் யார், ஒருவர் இறந்தாலோ விலகினாலோ அடுத்தவரை யார் நியமிப்பது, வகுப்புகள் நின்றுபோனால் வீடு யாரைச் சேரும் என்பவற்றை அந்த உறுதியிலேயே எழுதிவிட வேண்டும். அதற்கு முன் காணிப் பதிவகத்தில் வீட்டின் பதிவேட்டைப் பார்வையிட்டு, அடமானம் உண்டா, கூட்டு உரிமையாளர் உண்டா என்று அறியுங்கள். வெளிநாட்டில் இருக்கும் ஒரு சகோதரருக்குப் பிரிக்கப்படாத பங்கு இருந்தால், அவரின்றி உங்கள் உறவினர் முழு வீட்டையும் தர இயலாது. அரச வீடமைப்புத் திட்டத்தில் கிடைத்த வீடாயின் கைமாற்றத்துக்கு நிபந்தனைகள் இருக்கக்கூடும். வீட்டைக் கொடுக்காமல் சனிக்கிழமைகளில் பயன்படுத்த மட்டும் அனுமதிக்கிறார் என்றால் இவை எதுவும் வேண்டியதில்லை. வாடகையின்றி, அவர் விரும்பும்போது திரும்பப் பெறலாம் என்று ஓர் எளிய அனுமதிக் கடிதம் போதும். உங்கள் நிலையில் இரண்டு ஆண்டுகளுக்கு நான் இதையே தெரிவு செய்வேன்.

பாடசாலைக்குள் சென்று உதவ நேர்ந்தால், வலயக் கல்விப் பணிமனையின் எழுத்து மூல அனுமதியுடன் செல்லுங்கள். தேசிய பாடசாலையாயின் அனுமதியைக் கல்வி அமைச்சிடமே கேட்க வேண்டும். பணமாகக் கொடுப்பதைப் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் பற்றுச்சீட்டுக்கு மட்டும் கொடுங்கள். எந்தப் பிள்ளையுடனும் ஒரு பெரியவர் தனித்திருக்கக் கூடாது என்பதையும், நன்கொடையாளருக்கு அனுப்பும் படத்தில் பிள்ளைகளின் முகமும் பெயரும் சேர்ந்து வரக் கூடாது என்பதையும் யாப்பிலேயே சேர்த்துவிடுங்கள்.

கடைசியாக, கொடுத்துவிட்ட அந்த முற்பணமும் அடையாள அட்டைப் பிரதிகளும். பணத்தைவிடப் பிரதிகளே முக்கியம். அவற்றை வைத்து உங்கள் நால்வரையும் நீங்கள் அறியாத ஓர் அமைப்பின் பதவியினராக எழுதிவிட முடியும். திங்கட்கிழமை இருவராகச் சென்று பிரதிகளையும் 20,000 ரூபாயையும் திருப்பிக் கேளுங்கள், தனியே போக வேண்டாம். தர மறுத்தால், அவர் பெயர் குறிப்பிட்ட அந்தப் பழைய அமைப்பில் உங்களில் எவரும் பதவி ஏற்கவில்லை என்று பிரதேச செயலாளருக்கு நால்வரும் கையொப்பமிட்டுப் பதிவுத் தபாலில் எழுதி, பொலிசிலும் ஒரு முறைப்பாட்டைப் பதிந்து, அதன் பிரதியை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வெற்றுப் படிவம் எதிலாவது உங்களில் யாராவது கையெழுத்திட்டுக் கொடுத்திருந்தால், அதை அந்தக் கடிதத்தில் மறைக்காமல் குறிப்பிடுங்கள்.