எழுத்தெல்லாம் தெரிகிறதே, பிறகு எதற்கு விழித்திரைப் பரிசோதனை?

கேள்வி: எனக்கு 9 வருடமாகச் சர்க்கரை. கண்ணாடிக் கடையில் கடைசி வரி வரை வாசித்துவிட்டேன். ஆனாலும் டாக்டர், சொட்டு மருந்து விட்டு விழித்திரையைப் பார்க்கச் சொல்கிறார். அவசியமா?
– வாசகர், விருதுநகர்

பதில்: அவசியம்தான். எழுத்து அட்டை சோதிப்பது விழித்திரையின் நடுப்புள்ளியை மட்டுமே. சர்க்கரையால் ரத்தக்குழாய் பலூன் போலப் புடைப்பதும் கசிவதும் பெரும்பாலும் அதைச் சுற்றித்தான் தொடங்கும். வலிக்காது, மங்காது. நடுப்பகுதியில் நீர் கோத்த பிறகுதான் பலர் வருகிறார்கள். அப்போது லேசரோ கண்ணுக்குள் போடும் ஊசியோ பெரும்பாலும் இருக்கும் பார்வையைக் காக்கும். போனதை முழுதாக மீட்பது அரிது.

டைப் 2 என்றால் நோய் தெரிந்த அன்றே முதல் பரிசோதனை, பிறகு வருடம் ஒன்று. டைப் 1 என்றால் 5 வருடத்துக்குள் தொடங்கலாம். சர்க்கரை உள்ள பெண் கருவுற்றால் முதல் 3 மாதத்துக்குள் பார்க்க வேண்டும்.

சொட்டு விட்டால் கண் பாப்பா விரிய 20 முதல் 30 நிமிடம் ஆகும். பிறகு 4 முதல் 6 மணி நேரம் கிட்டப் பார்வை மங்கும், வெளிச்சம் கூசும். பைக்கில் தனியாக வராதீர்கள்; துணைக்கு ஆளும் கூலிங் கிளாஸும் வேண்டும். மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி (ஹெச்பிஏ1சி), ரத்த அழுத்தச் சீட்டுகளையும் எடுத்து வாருங்கள்.

இன்னொன்று: சர்க்கரை ஏறி இறங்கும்போது கண் லென்ஸின் பவரும் மாறும். சில வாரம் சீரான பிறகே புதுக் கண்ணாடி போடுங்கள், இல்லாவிட்டால் காசு வீண். திடீரெனக் கரும்புள்ளிகள் மிதந்தாலோ திரை விழுந்தாற்போல் மறைத்தாலோ அன்றைக்கே கண் டாக்டரிடம் போய்விடுங்கள்.