தேக்கங்காட்டில் கலங்கிய கண்

அன்புள்ள ஆசிரியருக்கு,

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். இரவு பதினொரு மணிவரை செல்போன் ஓயாது. போன மாதம் நண்பர்களோடு ஆனைமலைக் காட்டில் இருக்கும் டாப்சிலிப் போயிருந்தேன். தேக்கு மரங்களுக்கு அடியில் உட்கார்ந்திருந்தபோது காரணமே இல்லாமல் கண் கலங்கிவிட்டது. “நம் முன்னோர் காட்டில் வாழ்ந்தவர்கள், அந்த ஆதி நினைவுதான் கூப்பிடுகிறது” என்றார் நண்பர் ஒருவர். அப்படித்தானா? காடு ஏன் நம்மை இழுக்கிறது?

(பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

அன்புள்ள நண்பருக்கு,

ஆதி நினைவு என்பது கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அங்கே நீங்கள் பார்த்த தேக்கில் பெரும்பகுதி ஆதி வனமே அல்ல, மனிதர் வளர்த்தெடுத்தது. 19ஆம் நூற்றாண்டில் கப்பலுக்கும் பிறகு ரயில் ஸ்லீப்பர் கட்டைக்கும் என்று ஆனைமலைத் தேக்கை வெள்ளைக்காரர்கள் வெட்டித் தள்ளினார்கள். வெட்டிய மரங்களை மேலிருந்து சரிவில் விட்டதால்தான் டாப்சிலிப் என்ற பெயரே வந்தது. பின்னால் வந்த வன அதிகாரி ஹியூகோ வுட் காட்டை மொட்டையடிப்பதை நிறுத்தினார். சட்டைப்பையில் தேக்கு விதையோடு நடப்பாராம், கைத்தடியால் குத்திய குழியில் ஒன்றைப் போடுவாராம். 1933இல் இறந்தவரின் கல்லறை அந்த மரங்களுக்கு நடுவேதான் இருக்கிறது. ‘என் நினைவுச்சின்னத்தைத் தேடுகிறாயா, சுற்றிலும் பார்’ என்று அதில் லத்தீனில் பொறித்திருக்கிறது. நீங்கள் சுற்றிலும் பார்த்துத்தான் கலங்கியிருக்கிறீர்கள்.

உயிர்களின் மேல் நமக்குள்ள நாட்டம் பிறவியிலேயே வருவது என்று உயிரியலாளர் எட்வர்ட் வில்சன் 1984இல் ஒரு புத்தகமே எழுதினார். எனக்கு அதில் பாதி சம்மதம்தான். முன்னோர் காட்டுக்குப் பயந்தவர்களும்கூட. ‘காடு வா வா என்கிறது, வீடு போ போ என்கிறது’ என்ற பழமொழியில் கூப்பிடுவது சுடுகாடு. கரிகாலனைப் பட்டினப்பாலை “காடு கொன்று நாடாக்கி” என்று புகழ்கிறது. கொன்று! அந்தச் சொல்லில் துளி வருத்தம் இல்லை.

அதே 1984இல் ரோஜர் உல்ரிச் என்ற ஆய்வாளர் ஒரு ஆய்வை வெளியிட்டார். பென்சில்வேனியாவில் ஒரு மருத்துவமனை, பித்தப்பை அறுவை செய்துகொண்ட 46 பேர். பாதிப் பேருக்கு சன்னல் வழியே மரங்கள், மீதிப் பேருக்குச் செங்கல் சுவர். மரம் பார்த்தவர்கள் சீக்கிரம் வீடு திரும்பினார்கள், கடுமையான வலிமருந்தும் குறைவாகவே தேவைப்பட்டது. சின்ன ஆய்வுதான். ஆனால் அவர்கள் எந்த வனத்துக்கும் போகவில்லை, படுத்த இடத்திலிருந்து நாலு மரத்தைப் பார்த்தார்கள், அவ்வளவே.

எனக்கு நம்பத் தோன்றுவது உளவியலாளர்களான கப்லான் தம்பதியரின் விளக்கம். கவனத்தில் இரண்டு வகை உண்டு என்றார்கள். ஒன்று, நாம் பிடித்து நிறுத்துவது. உங்கள் கணக்கு வேலை முழுக்க அதுதான், அது களைத்துப்போகும். இன்னொன்று தானாகப் போய்ப் படிவது, இலை அசைவதையும் ஓடைத் தண்ணீரையும் பார்க்கும்போது நடப்பது. அப்போது முதலாவது ஓய்வெடுக்கிறது. சுமைதாங்கிக் கல்லில் மூட்டையை இறக்கியவர் விடும் பெருமூச்சு இருக்கிறதே, உங்கள் கண்ணீர் அந்த ரகம் என்று நினைக்கிறேன்.

காட்டிலேயே வேலை பார்க்காதவருக்குத்தான் இந்த ஓய்வு என்பதையும் சொல்ல வேண்டும். ஒருமுறை அங்கே காடர் இனத்து வாட்சர் ஒருவரோடு நடந்தேன். நான் மரத்தையே அண்ணாந்து பார்த்துக்கொண்டு போக, அவர் தரையையும் புதரையும் விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. “மேல பாக்காதீங்க சார், ஆனை வாடை அடிக்குது” என்றார். எனக்குக் காடு, அவருக்கு ஆபீஸ். உங்கள் பேரேடுபோலத்தான்.

மார்ச்சில் ஒருமுறை போய்ப் பாருங்கள், தீப்பருவம் என்று வனத்துறை மூடியிருக்காவிட்டால். தேக்கு இலையெல்லாம் கொட்டி, குச்சி குச்சியாய் நிற்கும், காலடியில் சருகு அப்பளமாய் நொறுங்கும், வெயில் நேரே உச்சந்தலையில் இறங்கும். அப்போதும் கண் கலங்கினால் எனக்கு எழுதுங்கள், உங்கள் நண்பரிடம் மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன்.