பூங்காவில் சில்லை பார்ப்பவர்களுக்கு: கேள்வி பதில்

சென்னையிலும் சுற்றுவட்டாரத்திலும் உள்ள பூங்காக்களில் பறவை பார்ப்பவர்கள் கேட்டவை.

கடையில் விற்கும் ஃபிஞ்ச் நம்ம பூங்காவிலும் உண்டா சார்?

கூண்டில் நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் ஆஸ்திரேலியாவின் ஸீப்ரா ஃபிஞ்ச். அதே குடும்பத்தில் நம் ஊர்ப் பறவைகள் சில்லைகள். தினைக்குருவி என்றும் சொல்வார்கள். பச்சையும் மஞ்சளுமாகச் சாயம் பூசி 'கலர் குருவி' என்று யாராவது நீட்டினால் வாங்காதீர்கள், அது பிடித்துவந்த சில்லையாக இருக்கலாம். பிடிப்பதும் விற்பதும் வளர்ப்பதும் 1972 வனவுயிர் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

ஒரு மணி நேரம் சுற்றினேன். காக்காவும் புறாவும்தான். எங்கே பார்க்கணும் அண்ணா?

சுற்றியதுதான் தப்பு. சுற்றுச்சுவர் ஓரம், பம்ப் ரூமின் பின்பக்கம் என்று புல்வெட்டும் மெஷின் போகாத மூலையைத் தேடுங்கள். கதிர் விட்ட புல் இருந்தால் பாதி வேலை முடிந்தது. 10 முதல் 15 மீட்டர் தள்ளி, வெயில் முதுகில் படும்படி 20 நிமிஷம் அசையாமல் உட்காருங்கள். காற்றே இல்லாதபோது ஒரு தண்டு மட்டும் வளைந்தால் அங்கே சில்லை இருக்கிறது. தண்டைப் பற்றியபடி கதிரிலிருந்து ஒவ்வொரு விதையாக உருவும். அலகை மென்று மென்று உமியை உதிர்க்கும்.

விடிந்ததிலிருந்து எட்டரை வரை நல்ல நேரம். வடகிழக்குப் பருவமழையில் தழைத்த புல் கதிர் முற்றும் மாதங்களில் கூட்டம் பெரிதாக இருக்கும். புல்லை ஒட்ட வெட்டிவிட்டால் வேறிடம் போய்விடும். விதை உதிரும்வரை இரண்டு மீட்டர் அகலப் பட்டை ஒன்றை மட்டும் விட்டுவைக்கும்படி தோட்டக்காரரிடம் கேட்டுப் பாருங்கள்.

சில்லைக் கூட்டத்தில் சிலதுக்கு மார்பில் செதில் மாதிரிக் கோலம் இல்லை, முழுக்கப் பழுப்பு. வேறு இனமா?

பலரும் இடறும் இடம் இது. புள்ளிச் சில்லையின் இளசுகள் அப்படித்தான் இருக்கும்: மேலே வெறும் பழுப்பு, கீழே கொஞ்சம் வெளிர். செதில் கோலம் பிறகுதான் வரும். சிக்கல் என்னவென்றால், கருந்தலைச் சில்லையின் இளசும் ஏறக்குறைய இதே மாதிரி. நிறத்தை மட்டும் வைத்து முடிவு கட்டாமல், இரை ஊட்ட வரும் பெரிய பறவையைப் பாருங்கள். முகம் கரும்பழுப்பு, மார்பில் செதில் என்றால் புள்ளிச் சில்லை. தலை முழுக்கக் கறுப்பு, வயிறு வெள்ளை, அதன் நடுவில் கறுப்பு என்றால் கருந்தலைச் சில்லை. இதைத் தண்ணீர் ஓர நாணலில் தேடுங்கள்.

வெண்தொண்டைச் சில்லையில் குழப்பமே வராது. வெள்ளி சாம்பல் அலகு, கூர்மையான கறுப்பு வால், பறக்கும்போது வெள்ளைப் பிட்டம். ஒரே கிளையில் தோளோடு தோள் ஒட்டி உட்காரும். தூக்கணாங்குருவி விட்டுப்போன பழைய கூட்டுக்குள் நுழைவதும் இதன் வழக்கம்.

பெண் தூக்கணாங்குருவியா, பெண் சிட்டுக்குருவியா?

அலகைப் பாருங்கள். தூக்கணாங்குருவிக்குத் தடித்த அலகு, குட்டை வால். கட்டடங்களை ஒட்டியே திரிவது சிட்டு.

10×50 பைனாகுலர் வாங்கினேன். படம் ஆடுது, இரட்டையா தெரியுது.

10 மடங்கில் கை நடுக்கமும் சேர்ந்து பெரிதாகும், கனமும் அதிகம். பூங்காவுக்கு 8×42 அல்லது 8×32 போதும் (முதல் எண் எத்தனை மடங்கு, அடுத்தது முன்பக்க லென்ஸின் அகலம் மி.மீ.யில்). இரண்டு வட்டம் தெரிந்தால் நடுக்கீலை மடக்கி ஒரே வட்டமாக்குங்கள். பிறகு வலது கண்ணை மூடி, நடுச்சக்கரத்தால் இடது கண்ணுக்குத் தெளிவாக்குங்கள். அடுத்து இடது கண்ணை மூடி, டயாப்டர் வளையத்தால் (பெரும்பாலும் வலது கண் வைக்கும் பக்கத்தில் இருக்கும்) வலது கண்ணுக்குச் சரிசெய்யுங்கள். அதன்பின் நடுச்சக்கரம் மட்டும் போதும். கண்ணாடி போடுபவர் ஐகப்பை, அதாவது கண் வைக்கும் இடத்து விளிம்பை, உள்ளே இறக்கிவிடுங்கள். இவ்வளவும் செய்தும் ஒரு காக்கை இரண்டாகத் தெரிந்தால் உள்ளே ஒளியைத் திருப்பும் கண்ணாடிக் கட்டி (பிரிசம்) நகர்ந்திருக்கும். கடைக்காரரிடம் மாற்றித்தரச் சொல்லுங்கள்.

தினை போட்டால் வருமா?

முதலில் புறா வரும், பிறகு எலி வரும். தினைக்குப் பதில் தண்ணீர் வையுங்கள்: சொரசொரப்பான மண்சட்டி, ஆழம் 3 முதல் 5 செ.மீ., பக்கத்தில் புதர். தினமும் தேய்த்துக் கழுவி மாற்றினால் கொசுப்புழு வளராது.

அக்டோபரில் படிக்கட்டில் பச்சை, நீலம், சிவப்பாக ஒரு பறவை, பறக்க முடியாமல் கிடந்தது.

ஆறுமணிக்குருவியாக இருக்கும். வலசை வந்த களைப்பு, அல்லது கண்ணாடியில் மோதியிருக்கும். அடுத்த முறை காற்றோட்ட ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில், இருட்டாக, சில மணி நேரம் சத்தமில்லாத இடத்தில் வையுங்கள். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், புரையேறும். தெளிந்ததும் புதர் ஓரத்தில் திறந்துவிடுங்கள். இறக்கை தொங்கினால் திறந்துவிடாமல் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் சேரணும். சில்லைக் கூட்டத்தை எப்படி எண்ணுவது?

ஒரே இடத்தில் குறைந்தது 15 நிமிஷம் பார்த்து, கண்டதை எல்லாம் இபேர்டில் (eBird, பறவைப் பதிவுகளுக்கான இணையதளம்) ஏற்றுங்கள், காக்காவையும் விடாதீர்கள். புல்லுக்குள் இருக்கும்போது எண்ணினால் குறைத்தே சொல்வீர்கள். கூட்டம் எழும்பும்வரை பொறுங்கள், எழும்பியதும் பத்துப் பறவை எவ்வளவு இடம் அடைக்கிறது என்று பார்த்து, அதே அளவில் மீதியைக் கூட்டிக்கொண்டே போங்கள்.