இரண்டாம் கட்டை இடிக்கும் முன் ஒரு கணக்கு

கேள்வி: காரைக்குடி பக்கத்தில் பாட்டனார் கட்டிய வீட்டில் நாலு பேர் இருக்கிறோம். பூமியின் வளத்தில் எங்கள் வீடு எவ்வளவு எடுக்கிறது என்று அளக்க முடியுமா? பழுதான இரண்டாம் கட்டை (முன்கட்டுக்கு அடுத்து உள்ளே இருக்கும் பகுதியை) இடித்து கான்கிரீட்டில் கட்டினால் அது குறையுமா?

பதில்: அளக்கலாம். இதைச் சூழலியல் தடம் என்பார்கள். 1990களில் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வில்லியம் ரீஸும் மத்தியாஸ் வாக்கர்நாகெலும் உருவாக்கிய முறை. நாம் உண்பதையும் உடுத்துவதையும் விளைவிக்க, விடும் கரியமில வாயுவை உறிஞ்ச, எவ்வளவு நிலமும் கடலும் தேவை என்று பார்க்கிறது. அந்தக் கணக்கில் உலகம் இப்போது சுமார் 1.7 பூமி அளவுக்குச் செலவழிக்கிறது.

வீட்டுக்கு அவ்வளவு நுணுக்கம் வேண்டாம், ஒரு நோட்டு போதும். கரண்ட் யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கரியமில வாயு, 14.2 கிலோ சிலிண்டருக்கு 42 கிலோ, பெட்ரோல் லிட்டருக்கு 2.3 கிலோ என்று ஆறு மாதம் எழுதுங்கள். சாப்பாட்டையும் சேருங்கள்: ஒரு கிலோ அரிசிக்கு உலக சராசரியாகச் சுமார் 2,500 லிட்டர் தண்ணீர் போகிறது. விசேஷ வீட்டில் இலையோடு வழித்துக் கொட்டும் சோறு எனக்கு மனசு பொறுக்காத விஷயம்.

ஆனால் உங்கள் வீட்டில் பெரிய கணக்கு மாத பில்லில் இல்லை, அந்த இரண்டாம் கட்டில்தான் இருக்கிறது. பர்மா தேக்கு, செங்கல், சுண்ணாம்பு எல்லாம் பூமியிலிருந்து எடுத்தாகிவிட்டது. இடித்தால் அது வீண், அதற்கு மேல் புதிதாகவும் எடுக்க வேண்டும். 50 கிலோ சிமெண்ட் மூட்டை ஒன்றுக்கே சுமார் 30 கிலோ கரியமில வாயு. கம்பியும் மணலும் தனி. தடித்த சுவரும் முற்றமும் தரும் குளிர்ச்சிக்குப் பதில் ஏசி வேறு வைப்பீர்கள். அதனால் இடிக்காதீர்கள், பழுது பாருங்கள். சுண்ணாம்புச் சுவரில் மட்டும் சிமெண்ட் பூச வேண்டாம். ஈரம் வெளியேற வழியில்லாமல் சுவர் உள்ளேயே உதிரும். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரைத் தேடிப் பிடியுங்கள். தரை பெயர்ந்திருந்தால் பக்கத்து ஆத்தங்குடியில் செய்யும் தரை ஓடான ஆத்தங்குடி கல் போடுங்கள். அதைச் சூளையில் சுடுவதில்லை, தண்ணீரிலும் வெயிலிலும்தான் பதப்படுத்துகிறார்கள்.

அப்புறம் தண்ணீர். முற்றத்தைப் பார்த்துச் சரியும் ஓட்டுக்கூரை 1,000 சதுர அடி என்றால், 10 மி.மீ. மழைக்கு 900 லிட்டருக்கு மேல் விழும். சிதறியது போக 700 லிட்டராவது கிணற்றுக்குச் சேரும். ஐப்பசிக்கு முன்னால் கூரைத் தண்ணீர் ஓடும் தாழ்வாரத் தகரத்தைக் கழுவி, அதில் ஓட்டை இருந்தால் அடைத்துவிடுங்கள். முதல் மழைத் தண்ணீரை வெளியே விட்டுவிட்டு, இரண்டாவது மழையிலிருந்து கிணற்றுக்குத் திருப்புங்கள்.