மாடும் மங்கையும் கூடாத தீவில் ஒரு கன்னியர் மடம்

கேள்வி: மகள் கிளாஸ்கோவில் வேலை பார்க்கிறாள். ஜூனில் அவளோடு ஸ்காட்லாந்தின் அயோனா தீவுக்குப் போகிறோம். "பெரிய மடாலயத்தைப் பார்த்தால் போதும்மா, வழியில் இருக்கிற கன்னியர் மடம் வெறும் நாலு இடிந்த சுவர்" என்கிறாள். நிஜமா? (வாசகி, திருச்சி)

பதில்: நாலு சுவர்தான், உங்கள் மகள் பொய் சொல்லவில்லை. ஆனால் எனக்கு அந்த நாலு சுவர்தான் பிடித்தது! பெரிய மடாலயத்தை இருபதாம் நூற்றாண்டில் எடுத்துக் கட்டிக் கூரை போட்டுவிட்டார்கள், கன்னியர் மடத்தைச் சீரமைத்தவர்கள் நல்லவேளையாக இடிந்தது இடிந்தபடியே விட்டுவிட்டார்கள். 1200 வாக்கில் ரானல்ட் என்ற சிற்றரசர் கட்டி, தன் சகோதரி பெத்தாக்கை முதல் தலைவியாக அமர்த்திய மடம் இது. கிரானைட் கல்லே இளஞ்சிவப்பு, மழையில் நனைந்தால் இன்னும் சிவக்கும். நடுமுற்றத்தில் இப்போது பூச்செடிகள். உணவுக்கூடத்தின் தெற்குச் சுவருக்கு வெளியே போய் ஜன்னலுக்கு மேலே அண்ணாந்து பாருங்கள், கால் விரித்த ஒரு பெண் உருவம், காற்றும் மழையும் அரித்தது போக மிச்சம் இருக்கிறது. கன்னியர் மடத்தில் இது எதற்கு என்று மகள் கேட்டால், தீயதை விரட்ட வைத்தது என்பார்கள் என்று சொல்லிச் சமாளியுங்கள். 1543-ல் இறந்த தலைவி அன்னா மக்லீனின் கல்லறைப் பலகையில் அவர் பக்கத்தில் செல்ல நாய்க்குட்டிகளையும் செதுக்கியிருக்கிறார்கள். துறவு ஒரு பக்கம், நாய்க்குட்டி ஒரு பக்கம்!

கேள்வி: பெண்களே கூடாது என்ற தீவு இதுதானே? (வாசகர், நாகர்கோவில்)

பதில்: இதேதான். 563-ல் வந்த துறவி கொலம்பா, "மாடு இருந்தால் பெண் இருப்பாள், பெண் இருந்தால் வம்பு இருக்கும்" என்று இரண்டையும் விரட்டியதாகக் கதை. விரட்டப்பட்ட பெண்கள் போய்த் தங்கியதாகச் சொல்லும் பெண்கள் தீவு என்றே எதிரே ஒரு குட்டித் தீவு உண்டு. சரி, அறுநூறு வருஷம் கழித்துக் கன்னியர்கள் வந்தார்கள். 1560-ல் ஸ்காட்லாந்து கத்தோலிக்கத்தைக் கைவிட்டதும் மடம் தேய்ந்துபோனது. அப்புறம் மாடும் வந்தது. 1773-ல் இங்கு வந்த ஆங்கில எழுத்தாளர் சாமுவேல் ஜான்சன், கன்னியர்களின் ஆலயத்தை ஊரார் மாட்டுத்தொழுவமாக்கி வைத்திருக்கிறார்கள், தரையெல்லாம் சகதி, உள்ளே பார்க்க முடியவில்லை என்று எழுதி வைத்திருக்கிறார். கொலம்பா பார்த்திருக்க வேண்டும்.

கேள்வி: எப்படிப் போவது? (திருச்சி வாசகியேதான்)

பதில்: கிளாஸ்கோவிலிருந்து ஓபன் (Oban) என்ற துறைமுக ஊர் வரை ரயில், சுமார் மூன்று மணி நேரம். அங்கிருந்து முல் தீவுக்கு முக்கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடப் படகு, முல்லின் மறுகோடிக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் பஸ், கடைசியாகப் பத்து நிமிடப் படகு. வெளியூர்க்காரர் கார் தீவுக்குள் வரமுடியாது. இறங்கி ஐந்து நிமிடம் நடந்தால் கன்னியர் மடம், கட்டணம் கிடையாது. கூட்டத்தோடு மடாலயத்துக்கு ஓடாமல் முடிந்தால் ஓர் இரவு தங்குங்கள், கடைசிப் படகு போனபிறகு முற்றத்தில் நீங்கள் இரண்டு பேர் மட்டும் இருக்கலாம். குடை வேண்டாம், அந்தக் காற்றுக்கு நிற்காது, தலைமூடி வைத்த மழைக்கோட்டு எடுத்துக்கொள்ளுங்கள்.