பக்க அமைப்பிலிருந்து வெக்டார் கோப்பு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: பெங்களூரு அல்சூரில் டி.டி.பி. (கணினிப் பக்க அமைப்பு) மையம் நடத்துகிறேன். இன்டிசைன் என்னும் பக்க அமைப்பு மென்பொருளில் அமைத்த ஒரு மலரின் அட்டையையும் நிகழ்ச்சி நிரலையும் இணையதளத்துக்காக எஸ்.வி.ஜி.யாக, அதாவது படத்தைப் புள்ளிகளாக அல்லாமல் கோடுகளாகவும் வளைவுகளாகவும் சேமிக்கும் வெக்டார் கோப்பாக, கேட்கிறார்கள். என்னிடமுள்ள பதிப்பின் எக்ஸ்போர்ட் பட்டியலில் அந்த வகையே இல்லை. என்ன செய்யலாம்?

பதில்: பி.டி.எஃப். வழியாகச் செல்லுங்கள். எழுத்துருக்கள் உட்பொதிந்த பி.டி.எஃப். எடுத்து, அதை இங்க்ஸ்கேப் என்னும் வெக்டார் வரைகலை மென்பொருளில் திறந்து, வேண்டிய பக்கத்தைத் தேர்ந்து எஸ்.வி.ஜி.யாகச் சேமிக்கலாம். திறக்கும்போது தோன்றும் பெட்டியில் பாப்ளர் வழி இறக்குமதியைத் தேர்ந்தால், எழுத்துகள் கர்வ் (எழுத்தாகத் திருத்த முடியாத வளைகோட்டு வடிவம்) ஆகி, அமைப்புக் குலையாமல் வந்து சேரும். மற்ற முறையில் எழுத்து எழுத்தாகவே வரும் என்பது கேட்பதற்கு நன்றாக இருந்தாலும், தமிழில் கொம்பும் காலும் இடம் மாறிவிடுவதுண்டு. பக்கத்துக்கு ஒரு கோப்பாகவே எஸ்.வி.ஜி. எடுக்க வேண்டும். அட்டையிலுள்ள புகைப்படம் எந்த வெக்டார் கோப்புக்குள் இருந்தாலும் பிக்சலாகவே இருக்கும். கோப்பு பெருத்துப் போவதற்கும் பெரும்பாலும் அதுவே காரணம்.

கேள்வி: ஸ்கிரைபஸ் என்னும் பக்க அமைப்பு மென்பொருளில் ‘கொ’, ‘தே’ போன்றவை உடைந்து தெரிகின்றன. எஸ்.வி.ஜி. எடுத்தாலும் அப்படியே வருகிறது.

பதில்: உங்களிடம் இருப்பது 1.4 வரிசையாக இருக்க வேண்டும். இந்திய எழுத்துகளைச் சேர்த்துக் கோக்கும் வசதி 1.5 வரிசையில் நுழைந்து, 2024 ஜனவரியில் வெளியான 1.6 நிலையான பதிப்பில் கிடைக்கிறது. இதே குறை இன்டிசைனில் தென்பட்டால், பத்தி அமைப்பில் பல மொழி எழுத்துகளையும் கோக்கும் ‘வேர்ல்டு-ரெடி’ கம்போசரைத் தேர்ந்தெடுக்கவும். திரையில் உடைந்திருப்பதை எந்த ஏற்றுமதியும் ஒட்ட வைக்காது.

கேள்வி: தமிழ், கன்னடம், ஆங்கிலம் மூன்றிலும் திருமணப் பத்திரிகை அடிக்கும் எங்களிடம் பேஜ்மேக்கர் என்னும் பழைய பக்க அமைப்பு மென்பொருளின் கோப்புகள் நிறைய உள்ளன. வேறு கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரிகிறது. இவற்றை வெக்டாராக மாற்ற முடியுமா? (ஸ்ரீராமபுரம்)

பதில்: முடியும், ஆனால் அந்த எழுத்துருக்கள் நிறுவப்பட்ட பழைய கணினி இயங்கும்போதே செய்துவிட வேண்டும். பேஜ்மேக்கரின் கடைசிப் பெரும் பதிப்பான 7.0 வெளிவந்தது 2001இல். எல்லா மொழி எழுத்துகளுக்கும் தனித்தனி எண் தரும் யூனிகோடை அது அறியாது. டாம், பாமினி, கன்னடத்துக்குப் பழைய நுடி முதலிய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் நம் எழுத்துகளின் உருவத்தை வைத்தவை என்பதால், எழுத்துரு இல்லாத கணினியில் அடியிலுள்ள ஆங்கில எழுத்துகளே வெளித்தெரிகின்றன. போஸ்ட்ஸ்கிரிப்ட் (பக்க விவரிப்பு மொழி) பிரிண்டரைத் தேர்ந்து கோப்பாக எழுதி, அதை பி.டி.எஃப். ஆக மாற்றும் டிஸ்டில்லரில் எல்லா எழுத்துருக்களையும் உட்பொதித்து பி.டி.எஃப். ஆக்குங்கள். அதன் பிறகு உருவம் மாறாது. ஆனால் அந்த பி.டி.எஃப்.பிலிருந்து மணமகன் பெயரை நகலெடுத்து ஒட்டினால் மறுபடியும் குப்பைதான் வரும், தேடவும் இயலாது. தேடக்கூடிய உரை வேண்டுமென்றால், எழுத்துரு மாற்றியில் யூனிகோடாக்கி, மெய்ப்புப் பார்த்து, புதிதாகவே பக்கம் கட்ட வேண்டும். பழைய பத்திரிகைகள் எல்லாவற்றுக்கும் இந்த உழைப்புத் தேவையில்லை என்பதே என் கருத்து; திரும்பத் திரும்பக் கேட்கப்படும் மாதிரிகளுக்கு மட்டும் செய்தால் போதும்.

கேள்வி: எஸ்.வி.ஜி.யை ஆஃப்செட் அச்சகத்துக்குக் கொடுத்தேன். சிறிய எழுத்துகளின் ஓரத்தில் சிவப்பும் நீலமும் கசிந்திருந்தன. அச்சகத்தின் தவறா?

பதில்: அச்சகத்தை மட்டும் குறை சொல்வதற்கில்லை. எஸ்.வி.ஜி. 1.1 திரைக்குரிய ஆர்.ஜி.பி. (சிவப்பு, பச்சை, நீலம்) நிறங்களில் இயங்குவது. அந்தக் கறுப்பை நான்கு வண்ணத்துக்கு மாற்றும்போது அது நான்கு மைகளின் கலவையாகிவிடுவதால், ரெஜிஸ்டர் (மைகள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்துவது) மயிரிழை விலகினாலும் புள்ளியிலும் சுழியிலும் நிறம் பிதுங்கும். அச்சுக்கு, பக்க அமைப்பு மென்பொருளிலிருந்து நேராக பி.டி.எஃப். எடுத்துக் கொடுங்கள். அச்சகம் ஏற்குமானால் அச்சுக்கான பி.டி.எஃப். தரமான பி.டி.எஃப்./எக்ஸ்-4 நல்லது, ஏனெனில் நிழல் முதலிய ஒளிபுகும் பகுதிகள் அதில் கலைக்கப்படாமல் இருக்கும். அனுப்புமுன் அக்ரோபாட்டின் அவுட்புட் பிரிவியூவில் (மைகளைத் தனித்தனியாகக் காட்டும் பகுதி) கறுப்பை மட்டும் அணைத்துப் பாருங்கள்: வெள்ளைப் பின்னணியிலுள்ள கறுப்பு எழுத்துகள் முழுவதும் மறைய வேண்டும். மங்கலாக ஏதேனும் மிஞ்சினால் கோப்பு அச்சுக்கு ஆயத்தமாகவில்லை.

கேள்வி: கடைக் கண்ணாடிக்கான ஸ்டிக்கர் கட்டிங்கில் ‘கி’, ‘மீ’ ஆகியவற்றின் நடுவே கத்தி ஓடிவிடுகிறது. (சிவாஜிநகர்)

பதில்: சில எழுத்துருக்களில் மெய்யின் மேல் மேல்விலங்கு (ி, ீ குறி) தனி வடிவமாக வந்து படிகிறது. கர்வ் போட்ட பிறகும் இரண்டும் தனித்தனியாகவே இருப்பதால், கத்தி இரு விளிம்புகளையும் பின்தொடர்கிறது. கோரல்டிராவில் வெல்டு, இங்க்ஸ்கேப்பில் யூனியன் கொடுத்து ஒன்றாக்குங்கள். கோடுகளையும் நிரம்பிய வடிவமாக மாற்றிவிடுங்கள். இல்லையேல் கோட்டின் தடிமனை விட்டுவிட்டு அதன் நடுவில் வெட்டும். கர்வ் போடுமுன் ஒரு நகலைத் தனியே வையுங்கள், ஏனெனில் தொலைபேசி எண் மாறினால் பிறகு திருத்த இயலாது. கண்ணாடியின் உட்புறம் ஒட்டுவதாயின் மிரர் (இடம் வலமாகத் திருப்புதல்) செய்வதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்.